வாசலுக்குள் நுழையாத கட்டில்

பர்மாவில் செட்டியார்களுக்கு இருந்ததையெல்லாம் அந்த ஊர் அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறுவருடம், காரைக்குடியில் தேக்குக் கதவு செய்யச் சொல்ல ஆளில்லை. அரசப்பன் ஆசாரி உளியைத் தீட்டித் தீட்டி வைத்தார், உளிதான் தேய்ந்தது. அவர் மனைவி பிச்சையம்மாளின் அண்ணன் மீனாட்சிசுந்தரமும் ஆசாரிதான். பக்கத்துக் கிராமத்திலிருந்து துணிப்பையோடு காலையிலேயே வந்து நின்றார்.

“எங்க ஊர்ல இருக்கிறது பூரா பெரிய வீடு மாப்ள. அம்புட்டுக்கும் பூட்டு. பூட்டின வீட்ல நமக்கென்ன சோலி? மத்தியானம் கோயம்புத்தூர் பஸ்ஸு. மில்லுல ஆள் எடுக்கிறாகளாம். கெளம்புங்க.”

“இந்தக் கட்டிலக் கொடுத்துட்டு வந்துர்றேன் மச்சான். தேறலேன்னா நானும் வாரேன்.”

கட்டில், கல்லூரிப் பிள்ளைகள் தங்கும் விடுதிக்கு. மாதிரிக்கு ஒன்று கேட்டிருந்தார் மேலாளர் சேதுபதி. பிடித்தால் நாற்பது கட்டில் வேலை.

கல்லூரி வாசலில் இட்லி விற்றுவிட்டு வந்த பிச்சையம்மாள் கூடையை இறக்கினாள்.

“எங்கிட்டும் போக வேணாம். பர்மாப் பணம் நின்னுச்சு, இந்தப் பயலுகளுக்குப் பசி நின்னுச்சா? பள்ளிக்கூடம் இருக்கு, சந்தை கூடுது, ரயிலு வருது. ஒங்க ஊர்ல பூட்டைத் தவிர என்னண்ணே இருக்கு?”

“வாய் இருக்கு. அதத்தான் ஒனக்குச் சீராக் குடுத்தனுப்பிட்டோம்” என்றார் அண்ணன்.

மாட்டுவண்டியில் கட்டில் விடுதிக்குப் போய் இறங்கியது; அரசப்பனோடு மச்சானும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். வண்டிக்காரன் அடுத்த சவாரிக்குப் போய்விட்டான். அறை வாசலில் கட்டிலை நேராக நுழைத்தார்கள்; போகவில்லை. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், அப்படியும் போகவில்லை. யானை நுழையும் வாசல்களிலேயே வேலை செய்து வளர்ந்தவர் அரசப்பன். வாசலை அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பையன்கள் கூடிவிட்டார்கள். சேதுபதியும் வந்தார்.

“என்ன ஆசாரி, கட்டில் கேட்டா தேர் கொண்டாந்திருக்கீக? வடம் பிடிக்க ஆள் வேணுமா?”

“கட்டில்ல குத்தமில்ல சார். நீங்க வாசல்ங்கிறீக, இது பொந்து.”

“பொந்தை இடிக்க எனக்கு அதிகாரமில்ல. எடுத்துட்டுப் போங்க.”

அரசப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. “பஸ்ஸுக்கு நேரமிருக்கு மாப்ள” என்று காதோரம் சொன்னார் மச்சான். வண்டியும் இல்லை; தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும். அரசப்பன் குனிந்து கொட்டாப்புளியால் மரமுளைகளைத் தட்டினார். கால்கள் கழன்றன, சட்டங்கள் பிரிந்தன. ஒரு கட்டில் ஒரு கட்டு விறகாகத் தரையில் கிடந்தது.

“நில்லுங்க” என்றார் சேதுபதி. “ஆணி அடிக்கலையா?”

“பெரிய கதவுக்கே நாங்க முளைதான் சார் போடுவோம்.”

“திரும்ப மாட்டினா ஆடாதே?”

“ஏறிக் குதிச்சுப் பாருங்க.”

சட்டங்களைத் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய் மாட்டினார்கள். ஒரு தடியான பையன் ஏறிக் குதித்தான். கட்டில் முனகக்கூட இல்லை.

“லீவுக்கு லீவு வெள்ளையடிக்கையில கட்டிலை எங்க போடுறதுன்னு நான் படுற பாடு...” என்று தலையைச் சொறிந்தார் சேதுபதி. “பிரிச்சு ஒரு ரூம்ல அடுக்கிரலாம். சரி, நாப்பதும் செய்ங்க. ஆனா அகலத்தைக் குறைங்க. தேக்கும் வேணாம், பூ வேலையும் வேணாம்.”

“பூ இல்லாட்டி மொட்டையா இருக்குமே சார்!”

“மொட்டையா இருந்தாத்தான் பயலுக படிப்பாக.”

அரசப்பன் எச்சிலோடு சேர்த்துத் தன் பூவேலையையும் விழுங்கினார். “செஞ்சிரலாம் சார்.” பிறகு மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னைய ஏன் பாக்கிறீக?”

“நாப்பதை நான் ஒண்டியா எப்ப இழைச்சு முடிக்க? நீங்க இருங்க மச்சான்.”

“மில்லுல மாசச் சம்பளம் மாப்ள.”

“இங்க நம்ம வேலை.”

மீனாட்சிசுந்தரம் துணிப்பையைத் தலைக்கு வைத்துக் கட்டிலில் நீட்டிப் படுத்தார்.

“அண்ணே, இது என் ரூமு” என்றான் தடியன்.

“இருப்பா, தூக்கம் வருதான்னு பாத்துத்தானே குடுக்கணும்” என்றவர் கண்ணை மூடினார். கோயம்புத்தூர் பஸ் புறப்படும் நேரத்தில் அவர் விட்ட குறட்டை கூடம் வரைக்கும் கேட்டது.