வடசேரி வாயும் தென்சேரி நரம்பும்

ஆரையம்பதியில் வினாயகமூர்த்தியின் வாய்க்கு ஒரு பதவி இருந்தது. மற்ற நாட்களில் அவன் முச்சக்கரவண்டி ஓட்டுபவன். கண்ணகை அம்மன் சடங்கில் கொம்புமுறி வந்துவிட்டால் வடசேரியின் வசைகாரன். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஆளுக்கொரு பக்கம் வடம் கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் தோற்றவன் வாசலுக்குப் போய் வாய்க்கு வந்தபடி வசை சொல்லலாம். அம்மனுக்கு அதைக் கேட்கப் பிரியம் என்பது நம்பிக்கை. அம்மனுக்குப் பிரியமான வேலையைச் சம்பளமில்லாமல் செய்வதில் வினாயகமூர்த்திக்குப் பெருமைதான்.

அவனுடைய வசைக்கு நிரந்தர இலக்கு தங்கராசா. தங்கை சீதேவிப்பிள்ளையைக் கட்டிய மச்சான். வாவியில் வலை வீசுகிறவன். தென்சேரி வடத்தில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறவன்.

சுனாமி கோயில் வடத்தையே இழுத்துக்கொண்டு போனது. பிறகு யுத்தம் ஊரை வேறு விதமாக இழுத்தது. அத்தனை வருடமும் வசை வயிற்றுக்குள்ளேயே கிடந்து புளித்தது. யுத்தம் முடிந்த மறுவருடம், வைகாசிச் சடங்கில் கொம்புமுறியும் உண்டு என்று கோயிலில் அறிவித்தார்கள். வினாயகமூர்த்தி வீட்டுக்கு வந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தான். பழுதில்லை.

கையில் புதுச் சரக்கும் இருந்தது. சந்தை நடுவில் நின்று மீன் விலை பேசிக்கொண்டிருந்த தங்கராசா இடுப்பில் கட்டியிருந்த சாரம், எந்த முன்னறிவித்தலும் இல்லாமல் அவிழ்ந்து விழுந்தது. அந்தச் செய்தியை வினாயகமூர்த்தி தன் வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் பயணத்தோடு இலவசமாகக் கொடுத்தான்.

ஆனால் சாரக்கட்டை இறுக்காத விரல் வலையையும் விரிக்கவில்லை. வீசிய வலை மூட்டையாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது. வலது கை மெலிந்தது. சட்டை போடாமல் இருக்கும்போது பார்த்தால் புயத்துத் தசை, சாக்குக்குள் கட்டிய இறால்போலத் தன்பாட்டில் துள்ளியது. கொழும்புக்குப் போய் ஊசி குத்திப் பரிசோதித்து வந்த பிறகு, முடிவைக் கேட்க வினாயகமூர்த்திதான் மச்சானைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போனான்.

டொக்டர் றிப்ஷான் ஏறாவூர்ப் பிள்ளை. பெரிய வார்த்தைகளைப் பேசிப் பயமுறுத்தாமல், ஒரு தாளில் படம் கீறினார். ஒரு தலை, தலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிளைகள், தலையிலிருந்து ஒரு நீண்ட வால்.

"இதுதான் தசையை அசைக்கிற நரம்புக் கலம். தலை முள்ளந்தண்டுக்குள்ள இருக்கு. வால் உங்கட விரல் வரைக்கும் வருது. வால் நுனிதான் தசையைப் பிடிச்சு வேலை வாங்குற. உங்கட இந்த நரம்பு வருத்தத்தில அந்த நுனி பிடியை விடுது. அதுக்கு மறுகா வால் அங்கங்க வீங்கி, உள்ளுக்கிருக்கிற நூலெல்லாம் சிக்குப்பட்டு, நுனியிலருந்து தலைப்பக்கமாச் சுருங்குது. தலையிலருக்கிற கிளையும் குறையுது. கலத்திண்ட கருவுக்குள்ள இருக்க வேண்டிய ஒரு புரதம் வெளியில வந்து கட்டியாச் சேருது. கடைசியில கலமே செத்துப்போகும்."

"அப்ப இந்தத் துள்ளுறது?" என்றான் வினாயகமூர்த்தி.

"பழுதுபட்ட நரம்பு சும்மா சும்மா தட்டிப் பாக்கிறது. பிடி விட்ட தசையைப் பக்கத்து நரம்பு பாத்துக்கொண்டிருக்காது. தண்ட சொந்த வாலிலருந்து புதுக் கிளை விட்டு அதையும் சேத்துப் பிடிக்கும். அதனாலதான் கனநாளா உங்களுக்கு ஒண்டும் தெரியல்ல. மறுகா சுமை கூடி அதுவும் விழுந்திரும்."

தங்கராசா படத்தை உற்றுப் பார்த்தான். "டொக்டர், அந்தப் பக்கத்து நரம்பு எந்தச் சேரி?"

"என்ன சேரி?"

"வடசேரி நரம்பெண்டா எனக்கு வேணாம். இவன் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவான்."

டொக்டர் வினாயகமூர்த்தியைப் பார்த்தார். அவன் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தான்.

"மருந்து கொஞ்சம் மெதுவாக்கும். நிப்பாட்ட ஏலாது," என்றார் டொக்டர். "பேச்சும் போகப் போகக் குழறலாம். அறிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும்."

இல்லாதது எப்படிப் போகும் என்ற பதில் வினாயகமூர்த்தியின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினான். அவன் வாழ்க்கையில் விழுங்கிய முதல் வசை அது. மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது.

அதன்பின் அவன் திருந்திவிட்டான். திருந்தியது பார்க்கச் சகிக்கவில்லை. அப்பிள் வாங்கிக்கொண்டு போய், தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மச்சான், நீங்க சாப்பிட்டிங்களா?" என்றான்.

தங்கராசா, பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

"ஆரடா 'நீங்க'?"

"இல்ல, மரியாதையா..."

"டேய்." தங்கராசாவின் பேச்சு அப்போதே கொஞ்சம் இழுபடத் தொடங்கியிருந்தது. கோபம் வந்தால் இன்னும் இழுபட்டது. "ஊரே எனக்குச் செத்தவீட்டு முகம் காட்டுது. எண்ட காதுக்குத்தான் வருத்தம் எண்ட மாதிரிக் கத்திக் கத்திக் கதைக்கிறானுகள். கொம்புமுறிக்குக் கதிரை போடுவானுகளாம், நான் அதில இருந்து பாக்கட்டாம். நான் முன்னுக்குத்தான் நிப்பன். தோத்தா நீ வந்து வாசல்ல நிண்டு பேசணும். பழையபடி பேசணும். நீயும் பாவம் பாத்தியெண்டா நான் செத்துட்டன் எண்டு அர்த்தம். மறுகா உண்ட முகத்தில முழிக்க மாட்டன்."

"ஏலாத ஆளை எப்பிடி மச்சான்..."

"ஏலாதது எண்ட கைக்கு. உண்ட வாய்க்கு என்ன கேடு?"

அடுப்படியிலிருந்து சீதேவிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். "அண்ணன், ஏசித் துலைங்க. இந்தாள் ராவில நித்திரையும் கொள்ளுறல்ல."

வினாயகமூர்த்தி அன்றிலிருந்து வண்டி ஓட்டியபடியே பழகினான். "தென்சேரிக்காரரே" என்று தொடங்குவான். அடுத்த சொல்லுக்குள் கண் நிரம்பிவிடும். காத்தான்குடியில் துணி வியாபாரம் செய்யும் உம்மு குல்தூம் வண்டியின் பின் ஆசனத்திலிருந்து அவன் தோளில் தட்டினாள்.

"தம்பி, அழுறது பரவால்ல. ரோட்டைப் பாத்து அழுங்க."

கொம்புமுறி நாளில் தங்கராசா சொன்னபடியே தென்சேரி வடத்தின் முன்னால் நின்றான். எதிரே வினாயகமூர்த்தி. தங்கராசாவின் விரல்கள் வடத்தின் மேல் கிடந்தன, பிடிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவன் ஒரு கையை நீட்டி அந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் எட்டிப் பிடித்தான். வினாயகமூர்த்திக்கு டொக்டர் கீறிய படம் ஞாபகம் வந்தது. வந்ததும் அவன் கை தளர்ந்தது.

வடசேரி முழுவதும் பின்னாலிருந்து அவனை ஏசியது. தங்கராசா ஏசவில்லை, முறைத்தான். தளர்ந்ததை அவன் கண்டுவிட்டான்.

"இ...ழுடா, எரு...மை."

வினாயகமூர்த்திக்குக் கோபம் வந்தது. பாவம் பார்த்ததற்கு எருமைப் பட்டமா என்று இழுத்தான். தென்சேரிக் கொம்பு படாரென்று முறிந்தது. இரண்டு சேரியும் சமமாகப் பின்பக்கம் அடிபட்டு மணலில் விழுந்தன.

பின்னேரம் பறையும் குரவையுமாக வடசேரி தங்கராசாவின் வாசலுக்கு வந்தது. அவன் முற்றத்தில் கதிரையில் இருந்தான், பின்னால் சீதேவிப்பிள்ளை. பிறப்பால் அவள் வடசேரி, சோறு சமைப்பது தென்சேரிக்கு. ஆகையால் அவள் எந்தப் பக்கமும் முகம் காட்டவில்லை.

பறை நின்றது. வினாயகமூர்த்தி முன்னுக்கு வந்தான்.

"மச்சான்... நீங்க..."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தங்கராசா கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணைப் பார்த்ததும் வினாயகமூர்த்திக்கு உயிரே போனது. இனி இந்தக் கண் தனக்காகத் திறக்காது என்று தோன்றியது.

"நீங்க எல்லாரும் கேளுங்க," என்று கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினான். "இந்தாள்ர நரம்புக்குள்ள குப்பை கட்டிகட்டியாச் சேந்து கிடக்காம். டொக்டர் படிச்ச மனிசன், அதிசயப்படுறார். தென்சேரியில வளவு வாசல் கூட்டின ஆளை நாம என்னைக்குக் கண்ட?"

ஒருவரும் சிரிக்கவில்லை. வருத்தத்தை வைத்தா பேசுகிறான் என்று ஊர் மூச்சைப் பிடித்தது. தங்கராசாவின் ஒரு கண் திறந்தது.

"நரம்புக்கு ஒரு நீட்டு வால் இருக்காம். அது விரலை விட்டுட்டு, நுனியிலருந்து சுருங்கிச் சுருங்கித் தலைக்குள்ள ஒளிக்கப் போகுதாம். ஏன் போகாது? சந்தையில சாரம் விழுந்த ஆளோட நிக்க நரம்புக்கும் மானம் இல்லையா?"

முதலில் சிரித்தது சீதேவிப்பிள்ளை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் வரச் சிரித்தாள். அது எல்லாமே சிரிப்புத்தானா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு ஊர் சிரித்தது.

தங்கராசா இடது கையை உயர்த்தினான். தோற்றவன் பதில் பேசுவது வழக்கமில்லை. ஆனாலும் கூட்டம் அடங்கியது.

"எண்ட... நரம்பாவது... வேலை செஞ்சு... தேஞ்சுது," என்றான். ஒவ்வொரு சொல்லும் சேற்றில் கால் பிடுங்குவதுபோல் வந்தது. "உண்ட மூளை... பெட்டியே... உடைக்காத... புதுச்..."

அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அடுத்த சொல் என்னவென்று வினாயகமூர்த்திக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பின்னாலிருந்து ஒருவன் உதவி செய்யும் எண்ணத்தில் "சா" என்று தொடங்கினான். வினாயகமூர்த்தி அவன் காலில் ஏறி மிதித்தான்.

அந்தச் 'சாமான்' தங்கராசாவின் வாயிலிருந்து தானாக வந்து சேரும்வரை, வென்ற வடசேரி முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றது.