பார்த்ததாகப் போட்ட கையெழுத்து

வாக்கெடுப்புக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. ஆளுக்கொரு மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் இருவரும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. குழந்தையின் எடையைக் கொடுத்தால், நரம்பில் ஏற்றும் மருந்து எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தை இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே சேர்ப்பார்கள். அந்தப் படிக்கிற வேலைக்கு ஒரு ரிவ்யூ டூலைத் தேர்ந்தெடுக்கத்தான் குழுவில் இந்த வாக்கெடுப்பு; அதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

இரண்டு டூல்களை மூன்று வாரமாகச் சேர்த்து ஓடவிட்டிருந்தார்கள். ஒன்றில் மனிதர் படித்துக் கையெழுத்திட வேண்டும். அக்கா அதன் கட்சி. மற்றது தானே நிரலைப் படித்துச் சந்தேகம் வந்த இடத்தில் எச்சரிக்கை எழுதும். தம்பி அதன் கட்சி.

"மெஷினுக்கு என்னடா தெரியும், குழந்தையைப் பத்தி?" என்று முந்தின நாள் அக்கா கேட்டிருந்தாள்.

"படிக்க மனுஷங்க எங்க இருக்காங்க? நூத்தி எண்பது திருத்தம் வரிசையில நிக்குது. அனுப்பினவங்க வெறுத்துப்போய்க் கிளம்பிட்டிருக்காங்க. நீ கையெழுத்து கையெழுத்துன்னு உக்காந்திரு!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்குக் கோபம் கூடியது. அந்த மெஷின் தொட்டதற்கெல்லாம் கத்தும் என்று கூட்டத்தில் காட்டிவிட நினைத்தாள். இப்போது, தேவையில்லை என்று தம்பி மூடி வைத்த எச்சரிக்கைகளின் பட்டியலைத் திறந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. சிரிப்புதான் வந்தது. ஒவ்வொன்றாகப் படித்து, வெற்றுக் கூச்சல் என்று குறித்துக்கொண்டே வந்தாள்.

நாற்பத்தொன்றாவதில் கை நின்றது.

"நோயாளி மாறும்போது எடை அழிக்கப்படவில்லை. முந்தைய மதிப்பு அப்படியே நிற்கும்."

மூன்று முறை படித்தாள். முதல் குழந்தைக்குக் கணக்குப் போட்டுவிட்டு அடுத்த குழந்தையைத் திறந்தால், எடைக் கட்டத்தில் முதல் குழந்தையின் எடையே இருக்கும். கவனிக்காமல் பொத்தானை அழுத்தினால் மருந்து அந்த எடைக்குத்தான் இறங்கும்.

யாருடைய திருத்தம் என்று பார்த்தாள். தம்பியுடையது. யார் கையெழுத்து என்று பார்த்தாள். அவளுடையது. நினைவு வந்தது. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது கைபேசியில் முதல் பக்கத்தை மட்டும் தள்ளிப் பார்த்துவிட்டு, தம்பி எழுதியதுதானே என்று கையெழுத்துப் போட்ட திருத்தம். முந்தின நாள் மாலை வெளியான அப்டேட்டில் அது போயிருந்தது.

"டேய், நேத்து விட்ட அப்டேட்டைத் திரும்ப எடு. இப்பவே."

அவள் குரலைக் கேட்டு அவன் எழுந்தே வந்துவிட்டான். திரையைப் பார்த்தான்.

"இதை நான்தான் மூடினேன். ஒரே நாள்ல எழுபது வந்துச்சுக்கா. மொத்தமா மூடிட்டேன்."

"அப்புறம் அழுதுக்கலாம். எடு முதல்ல. எத்தனை இடத்துல இறங்கியிருக்கு?"

"ஒரே ஒரு இடம். பச்சைக் குழந்தைகள் வார்டு."

அப்டேட்டை அவன் திரும்ப எடுக்க, அவள் வார்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். தம்பியின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. நான்காவது முறை தலைமைச் செவிலி எடுத்தார்.

"சிஸ்டர், காலையில அப்டேட் போட்டீங்களா?"

"போட்டாச்சே. ஏன்?"

"அதுல யாருக்காவது கணக்குப் போட்டீங்களா?"

"ரெண்டு குழந்தைக்கு."

"ரெண்டாவது குழந்தையோட எடை சரியா இருக்கான்னு உடனே பாருங்க சிஸ்டர். மருந்து ஓடுதுன்னா நிறுத்திட்டுப் பாருங்க."

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தமும், ஓடுகிற செருப்புச் சத்தமும் கேட்டன. பிறகு எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. இரண்டு நிமிடம்தான் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் வேண்டாத தெய்வமில்லை.

"சரியாத்தான் ஓடுது" என்றார் செவிலி, மூச்சிரைக்க. "எடையை அடிக்கறதுக்கு முன்னாடியே கட்டத்துல நம்பர் இருந்துச்சு. இது என்ன கூத்துன்னு அழிச்சிட்டு நான் புதுசா அடிச்சேன். ஏன், அது உங்க தப்பா?"

"எங்க தப்புதான். அந்த அப்டேட்டை இனி தொடாதீங்க. பழையதைத் திரும்ப அனுப்பிட்டோம்."

"இதையெல்லாம் பாத்துத்தானே அனுப்புவீங்க?"

"பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன் சிஸ்டர். பாக்கலை."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

தம்பி நாற்காலியில் சரிந்தான். "அக்கா, சத்தமில்லாம திருத்திடலாமே. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. கூட்டத்துல சொன்னா ரெண்டு பேர் மானமும் போயிடும்."

அவளுக்கும் ஒன்றை மறைக்கிற ஆசை வராமலில்லை. மூடிய எச்சரிக்கையை மட்டும் சொல்லிக் கையெழுத்தை விட்டுவிட்டால், இன்றைய வாக்கெடுப்பில் அவள்தான் ஜெயிப்பாள். அந்த எண்ணம் ஒரு கணம் வந்து போனதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் திரையில் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவின் பதினைந்து முகங்கள் வந்தன. அவள் பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் தன் கையெழுத்தை. அடுத்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பி குறுக்கிட்டான்.

"எச்சரிக்கை வந்துச்சு. மூடினது நான்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். கடைசியில் தம்பியின் டூல்தான் பதினொரு வாக்கு வாங்கி ஜெயித்தது, ஒரு நிபந்தனையோடு. எச்சரிக்கையைத் தனியாள் மூட முடியாது. ஏன் மூடுகிறோம் என்று எழுத வேண்டும், இன்னொருவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குத் தனக்கு அந்த ஒப்புதல் கையெழுத்து உரிமை வேண்டாம் என்று அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தப்பைச் சரிசெய்து தம்பி அனுப்பிய திருத்தம்தான் புதிய முறையில் முதலில் நுழைந்தது. டூல் எழுதிய எச்சரிக்கைகளுக்கு ஒப்புதல் தர வந்தவர் முகம் தெரியாத ஒரு கணக்கு ஆசிரியை. பதினேழு கேள்வி கேட்டார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழுக்கும் பதில் எழுதினான். ஒன்பதாவது கேள்வியில் இன்னொரு ஓட்டை அகப்பட்டது. அதையும் அடைத்தான்.

மறுநாள் மதியம் அக்கா வார்டுக்குப் போன் செய்து, புதிய அப்டேட் வந்திருப்பதாகச் சொன்னாள்.

"போடறேன்" என்றார் செவிலி. "ஆனா நானும் ஒரு தரம் பாத்துட்டுத்தான் போடுவேன்."

"பாருங்க சிஸ்டர். நான் லைன்லயே இருக்கேன்."