இரண்டு தடவை அடித்த கரண்ட்

தங்கை வீட்டுப் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லைன்மேனை உட்கார வைத்திருந்தார்கள். வேலை செய்ய ஒயர்மேன் வந்திருந்தான். இவர் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்தால் போதும் என்று மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், நேற்றே போனில் சொல்லியிருந்தார். பார்ப்பதைத் தவிர இவரால் வேறென்ன செய்ய முடியும்? வலது கை முழங்கைக்கு மேலோடு போய் எட்டு மாதமாகிறது. சட்டையின் அந்தப் பக்கத்தைத் தங்கைதான் மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். தையல் அவள் தொழில். முன்னறையில் மோட்டார் வைத்த இரண்டு மெஷின், சுவரோரம் கூரை முட்டப் பள்ளிக்கூடச் சீருடைத் துணி. கரண்ட் போனால் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி. அதற்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் மாப்பிள்ளை ஜெனரேட்டர் வாங்கினார்.

அதை ஒழுங்காக வீட்டோடு இணைக்க வேண்டும் என்ற ஞானம் அவருக்கு இப்போதுதான் பிறந்திருக்கிறது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச், தனி ஒயர், எர்த்துக்குத் தனிக் கம்பி, புகை உள்ளே வராமல் சுவரைத் தள்ளி ஒரு தகரக் கூரை. ஃபியூஸ் போன பல்பை மாற்றுவதற்கே மச்சான் வரட்டும் என்று மூன்று நாள் இருட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். இந்த அக்கறை எங்கிருந்து முளைத்தது என்று லைன்மேனுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மனசு முழுக்க நாளைய விசாரணையில் கிடந்ததால் மேற்கொண்டு கிளறவில்லை.

நாளை கடைசி விசாரணை. ஆபீஸ் சொல்வது இதுதான். லைன்மேன் சுவிட்சை இறக்காமலே டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஏறினார். அஜாக்கிரதை. அடிபட்டவரைக் கீழே கொண்டுவர ஓடி வந்தவர்கள்தான் சுவிட்சை இறக்கினார்கள். இல்லை, இறக்கிவிட்டுத்தான் ஏறினேன் என்று இவர் தொண்டை வற்றக் கத்தியாயிற்று. கூட இருக்க வேண்டிய உதவி ஆளை அன்று வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஏறுவதற்கு முன் லைனை மண்ணோடு இணைத்து வைக்கிற எர்த் கம்பி அந்த ஆபீஸுக்கே ஒன்றுதான். அதுவும் அவர்களோடு போய்விட்டது. இதை மட்டும் எவனும் காகிதத்தில் எழுத மாட்டான். எழுதினால் மேலே இருப்பவர்களின் நாற்காலி ஆடும்.

போன விசாரணையில் இவர் ஒன்று சொல்லிப் பார்த்தார்.

"சார், என்னை ரெண்டு தடவை அடிச்சுது. முதல் தடவை அடிச்சு விட்டுடுச்சு. கை மரத்துப் போய் பெல்ட்ல தொங்கிட்டிருந்தேன். அவ்வளவுதான், உருப்படியாத்தான் இருந்தேன். ஒரு பத்து எண்ணுற நேரம் இருக்கும், மறுபடியும் அடிச்சுது. அதுலதான் கை போச்சு. லைன் கரண்டா இருந்தா இப்படி விட்டு விட்டு அடிக்குமா சார்? இது வேற எங்கிருந்தோ வந்த கரண்ட்."

விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். "ஏம்பா, கரண்ட் என்ன போஸ்ட்மேனா? ஆள் இல்லைன்னு போயிட்டு மறுபடி வர்றதுக்கு?"

அறையே சிரித்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வேலை பார்த்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அஜாக்கிரதை என்று முடிவானால் வேலையும் போச்சு, பேரும் போச்சு. இல்லை என்று ஆனால் புகார் அறையில் போன் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும். போன் எடுக்க ஒரு கை போதும்.

இருந்த ஒரே பிடிமானம் தங்கைதான். அவள் தெருவுக்குப் போகிற லைனை இறக்கும்போதெல்லாம் இவர் அவளுக்கு ஒரு போன் போட்டுவிடுவார். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் உடன்பிறந்தவளுக்குச் சொல்ல வேண்டாமா, துணி மெஷினில் பாதியில் நிற்குமே என்ற எண்ணம். அன்றும் சுவிட்சை இறக்கிவிட்டு, பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டார். "லைன இறக்கிட்டேன்மா. ஒரு மணி நேரம் ஆகும், பாத்துக்கோ." போன் செய்த நேரம் பதிவில் இருக்கிறது. என்ன பேசினார் என்பதை அவள்தான் வந்து சொல்ல வேண்டும்.

"நான் வந்து சொல்றேண்ணா. அத்தனை பேர் முன்னாடியும் சத்தியம் பண்ணி சொல்றேன்" என்று அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைதான் நழுவிக்கொண்டே இருந்தார். "அவ எதுக்கு மச்சான் அங்கெல்லாம்? வாய் தவறி எதையாவது உளறி வைப்பா."

ஒயர்மேனுக்குக் கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். சுவிட்சைச் சுவரில் முடுக்கிவிட்டு அதன் கைப்பிடியை ஏற்றி இறக்கிக் காட்டினான்.

"பாருங்க சார், மேல இருந்தா வெளி கரண்ட். கீழ இருந்தா ஜெனரேட்டர். நடுவுல நின்னா ரெண்டும் கிடையாது. ரெண்டும் ஒண்ணா சேரவே சேராது, எங்க வீட்டு மாமியார் மருமக மாதிரி. ஆமா, இத்தனை நாளா எப்படிக் கொடுத்திருந்தீங்க?"

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுத்தான்" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு. "தையல் மெஷினுக்கு மட்டும் நேரா."

டீ கொண்டு வந்த தங்கை நின்றாள். "எதுக்குங்க பொய் சொல்றீங்க? ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர் ஒண்ணு இருந்துச்சே. ஒரு தலைய ஜெனரேட்டர்ல சொருகி, இன்னொரு தலைய இந்தப் பின்வாசல் பிளக்ல சொருகினா வீடு முழுக்க லைட் எரியுமே. திடீர்னு ஒருநாள் அதைக் காணோம்."

ஒயர்மேன் உச்சுக் கொட்டினான். "இரட்டைத்தலையா? அடப்பாவமே! அதைப் போடுறப்ப மீட்டர் பக்கத்துல இருக்கிற மெயின இறக்கிடுவீங்க இல்ல?"

"இவர் போட்டா இறக்குவார். நான் தனியா போட்டது ஒரே ஒரு தடவைதான், அண்ணனுக்கு அடிபட்டுச்சே, அந்தப் பாழாப்போன அன்னிக்கு." டம்ளரை அண்ணனின் இடது கையில் கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "அண்ணனே போன் பண்ணி லைன இறக்கிட்டேன்னு சொல்லுச்சு. கரண்டே இல்லாதப்ப மெயின எதுக்கு இறக்கணும்னு அப்படியே விட்டுட்டேன். கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணினா, ஜெனரேட்டர் முக்கி முனகிட்டு நின்னுடுச்சு. சனியனேன்னு திட்டிட்டு மறுபடியும் இழுத்தேன். அதுவும் அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் எங்க தைக்கிறது? அதுக்குள்ள அண்ணனுக்கு இப்படின்னு போன் வந்துடுச்சு."

லைன்மேன் டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ காலில் கொட்டியது. சுட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

இரண்டு தடவை. வீட்டு மெயினை இறக்காததால் ஜெனரேட்டர் கரண்ட் தெருவுக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் ஏறிப் பல மடங்காகி, மேலே இவர் பிடித்திருந்த கம்பிக்கு வந்திருக்கிறது. தெருவில் இருக்கிற அத்தனை வீட்டு ஃபேனையும் சேர்த்து இழுக்க முடியாமல் மெஷின் மூச்சுத் திணறி நின்றிருக்கிறது. அப்போதுதான் இவரை விட்டது. அவள் மறுபடியும் கயிற்றை இழுத்திருக்கிறாள். எட்டு மாதமாக ராத்திரி பகல் இவர் தேடிய கரண்ட், தினமும் சோறு தின்ற வீட்டில் இருந்து வந்திருக்கிறது. அதுவும் இவரே போன் போட்டுச் சொல்லி வந்திருக்கிறது.

மாப்பிள்ளையைப் பார்த்தார். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஆக, மாப்பிள்ளைக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும். எழுந்து போய் சட்டையைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்று வெறி வந்தது. சட்டையைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அறைய ஒரு கை வேண்டும்.

நாளைக்கு அவள் அந்த அறையில் நின்று இதையே, இதே மாதிரி வெள்ளந்தியாகச் சொன்னால் போதும். சிரித்த வாய்களெல்லாம் மூடிக்கொள்ளும். இவர் பேர் அந்த நிமிஷமே சுத்தமாகிவிடும். ஆனால் அந்த நிமிஷமே அவளுக்கும் விளங்கிவிடும். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இவருக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள். பெண்டாட்டி இல்லாத வீடு என்று இவர் துணியை எடுத்துப்போய்த் துவைத்துப் போட்டவள். கயிற்றை இழுத்தது தன் கைதான் என்று தெரிந்தால் அவள் அப்புறம் மெஷினில் உட்காருவாளா? உயிரோடுதான் இருப்பாளா?

"ஏன் தம்பி, எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல" என்றாள் தங்கை ஒயர்மேனிடம். "கரண்ட் போனப்புறம் மெயின எதுக்கு இறக்கணும்?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? இறக்கலைன்னா நீங்க போடுற கரண்ட் வெளிய லைனுக்குப் போயிடும். அங்க எவனாவது கம்பத்து மேல..." என்று ஆரம்பித்த ஒயர்மேனின் கண், மடித்துத் தைத்த சட்டைக் கையில் வந்து நின்றது. வாயும் நின்றது.

"மெஷின் கெட்டுப் போயிடும்" என்றார் லைன்மேன்.

"என்னண்ணா?"

"மெயின இறக்காம போட்டா ஜெனரேட்டர் கெட்டுப் போயிடும். அன்னிக்கு முக்கிட்டு நின்னுச்சுன்னியே, அதான். வேற ஒண்ணும் இல்ல. இனிமே இந்த சுவிட்ச் இருக்கு, அந்தக் கவலையும் இல்ல."

ஒயர்மேன் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். தங்கை உள்ளே போனதும் மாப்பிள்ளை நாற்காலி அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், அவளுக்குத் தெரியாது மச்சான். அந்த ஒயர நான் அன்னிக்கே வெட்டிப் போட்டுட்டேன்."

"என் கையையும் அன்னிக்கேதான் வெட்டிப் போட்டாங்க மாப்ள. நல்ல நாள் பாத்திருக்கீங்க."

மாப்பிள்ளை அழுதார். லைன்மேன் அதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போனார். தங்கை மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பேப்பரும் பேனாவும் எடுக்கச் சொன்னார். கை போனதிலிருந்து இவருடைய மனு, பதில் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் போகும்.

"எழுதும்மா. ஐயா, சம்பவத்தன்று சுவிட்சை இறக்காமலேயே கம்பத்தில் ஏறிவிட்டேன். இது என் அஜாக்கிரதையால் நடந்தது."

பேனா நின்றது. "என்னண்ணா உளறுற? இறக்கிட்டேன்னு எங்கிட்ட சொன்னியே."

"இறக்கப் போற நெனப்புல சொல்லிட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

"அப்போ அந்த ரெண்டு தடவை அடிச்ச கதை?"

"கதைதான்."

அவள் இவர் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கி, பிறகு அந்தக் கலக்கம் காய்ந்து, வேறு ஒரு பார்வை வந்தது. "உனக்காக அங்க வந்து சத்தியம் பண்றேன்னு நின்னேனே. என்னைப் பொய் சத்தியம் பண்ண வச்சிருப்பியே! அந்த உதவி ஆளு மேல, ஆபீஸ் மேல, ஊர்ல இருக்கிற எல்லார் மேலயும் பழி போட்டியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு. எழுது."

கடகடவென்று எழுதி முன்னால் தள்ளினாள். 'அஜாக்கிரதை' என்ற சொல்லில் பேனா பேப்பரைக் கிழித்திருந்தது. இவர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் அவள் குரல் கேட்டது. மதில் ஓரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் புது சுவிட்சைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கைப்பிடிய நடுவுல வச்சுட்டு, மெஷின ஸ்டார்ட் பண்ணிட்டு, அப்புறம்தான் கீழ இறக்கணும். நீங்களும் வச்சிருக்கீங்களே, மெயின இறக்காம போட்டுடாதீங்க. மெஷின் கெட்டுப் போயிடுமாம், எங்க அண்ணன்தான் சொன்னாரு. ஊருக்குச் சொல்ல மட்டும் எல்லாம் தெரியுது. இந்த ஜாக்கிரதை அன்னிக்கு இருந்திருந்தா கை போயிருக்குமா?"

லைன்மேன் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் காலால் துழாவினார்.