ஐந்தாவது ஓட்டு

அமெரிக்காவில் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு ஐந்து எலெக்டர்கள். நவம்பரில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு, டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் லிங்கன் நகரத்தில் கூடி எழுதிக் கொடுப்பதுதான் ஜனாதிபதிக்கு விழுகிற நிஜ ஓட்டு. இந்தத் தடவை நான்கு பேர் ஒரு கட்சி. தனி எலெக்டர் உள்ள ஒமாஹா தொகுதி மட்டும் முறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டதால், ஐந்தாவது ஆள் நான். எமில் குசேரா, வயது இருபத்தொன்று. கல்லூரிப் பத்திரிகையில் நையாண்டிப் பகுதி எழுதுகிறேன். வாசகர்கள் பதினோரு பேர், என்னையும் சேர்த்து.

எங்கள் வேட்பாளர் நாடு முழுக்கத் தோற்று, நல்லதாக ஒரு உரையும் ஆற்றிவிட்டு வீட்டுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. என் ஓட்டால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் தொகுதி யாருக்குப் போட்டதோ அவருக்கே போடுவேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாக வேண்டும். பெயரை மாற்றி எழுதினால் சீட்டு செல்லாது. அந்த நிமிடமே பதவி காலி. மாற்று எலெக்டரைக் கூப்பிடுவார்கள். அந்த ஆபத்துக்காகவே மாற்று எலெக்டர் ஒருவர் வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

என்னுடைய மாற்று கோரா லுடென். ஏப்ரல் வரை என் காதலி.

ஏப்ரலில்தான் கட்சிக்கூட்டத்தில் எலெக்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். பீட்சா தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்து, ஒன்பது பேர் மிஞ்சினோம். போட்டியிட்டது நானும் கோராவும். அவள் அந்தக் கட்சிக்காக ஆயிரத்து நூறு வீட்டுக் கதவைத் தட்டியவள், இரண்டு நாய்க்கடி. நான் பீட்சாவுக்கு வந்தவன். "நான் உனக்குப் போடறேன், நீ எனக்குப் போடுடா" என்றாள். கைகுலுக்கிக்கொண்டோம். ரகசிய வாக்கெடுப்பு. எனக்கு ஐந்து, அவளுக்கு நான்கு. நான் எலெக்டர், அவள் மாற்று.

நான்காம் நாள் கேட்டாள்.

"எனக்குத்தானே போட்ட?"

"உனக்குத்தான் போட்டேன்."

"நாலு பேரு தனித்தனியா வந்து என் கையப் புடிச்சு, 'உனக்குத்தாம்மா போட்டேன்'னு சொன்னாங்க. அந்த நாலு பேர்ல நீ இல்ல. எனக்கு விழுந்ததே நாலுதான். அப்ப உன் ஓட்டு எங்க போச்சு, எமில்?"

கணக்கில் நான் சுமார். அன்றைக்கு இன்னும் சுமாராகிப்போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவள் கேட்டிருந்தால், பேனா என் பெயரை எழுதியபோது கை தடுக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

போன வாரம் துணிந்து ஃபோன் செய்தேன். "காய்ச்சல்னு சொல்லிடறேன் கோரா. நீயே போய்ப் போட்டுடு."

"எலெக்டர் சாருக்கு எவ்வளவு தாராள மனசு! வேணாங்க சார். சொன்னபடி ஒரு தடவையாவது செய்யுங்க. வந்து போடுங்க."

ஒரே பஸ்ஸில்தான் லிங்கனுக்கு வந்தோம். அவள் மூன்றாவது வரிசை. நான் கழிப்பறைக்குப் பக்கத்தில்.

அரங்கில் அந்த நான்கு பேருக்கும் மனைவி, மக்கள், பேரப்பிள்ளை, கேமரா. எங்கள் கட்சியிலிருந்து யாரும் வரவில்லை. தலைவர் மட்டும், 'சமாளிச்சுடுவல்ல?' என்று செய்தி அனுப்பியிருந்தார். பார்வையாளர் வரிசையின் கடைசியில், கோட்டைக் கழற்றாமல், மடியில் கை வைத்து கோரா உட்கார்ந்திருந்தாள். முடியைப் பின்னியிருந்தாள். கூப்பிடப்போவதில்லை என்று தெரிந்தும் பின்னிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சீட்டு வந்தது. ஒரு வெற்றுக்கோடு, கீழே கையெழுத்துக்கு இடம். எந்தப் பெயர் எழுத வேண்டும் என்று தெரியும். அந்தப் பெயருக்கு உழைத்தவள் யார் என்பதும் தெரியும். எட்டு மாதம் தாமதமாக, எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன்: கோரா லுடென்.

தேர்தல் அதிகாரி அம்மா சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "உறுதிமொழிப்படி இல்லை. ஏற்கப்படவில்லை. மாற்று எலெக்டர் முன்னால் வரவும்" என்று மட்டும் சொன்னார். யார் பெயர் என்று சொல்லவில்லை. அவர் சொல்வார் என்று நான் எண்ணியிருந்தேன்.

அரங்கில் சலசலப்பு. பக்கத்து நாற்காலியில் இருந்த ஆர்வில், அந்த நான்கு பேரில் ஒருவர், மாட்டுப்பண்ணைக்காரர், என் தோளில் தட்டினார். "எங்க பக்கம் வந்துட்டியா தம்பி! தைரியசாலிடா நீ!" அன்று முழுக்க என்னிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

கோரா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோற்றவரின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள். ஆர்விலே எழுந்து கைதட்டினார்.

நடைக்கூடத்தில் என் எதிரே வந்து நின்றாள்.

"அந்தக் கட்சிக்காப் போட்ட?"

"உனக்குத்தான் போட்டேன்."

"ஏப்ரல்லயும் இதையேதான் சொன்னீங்க" என்றாள். புகைப்படத்துக்கு ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

நான் அதிகாரி அம்மாவிடம் ஓடினேன். "மேடம், அந்தச் சீட்டத் திருப்பித் தர முடியுமா? ஒருத்தர்கிட்ட ஒரு நிமிஷம் காட்டணும்."

"செல்லாததையும் உறையில போட்டு ஒட்டணும் தம்பி. ஒட்டியாச்சு." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பேரு... அதோ போட்டோவுல நிக்கிற பொண்ணா?"

"ஆமாங்க."

"எப்படியும் செல்லாதுப்பா. ஜனாதிபதிக்கு முப்பத்தஞ்சு வயசு ஆகியிருக்கணும்."

"தெரியும் மேடம். அவளுக்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. உறையை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார்.

வாசலில் ஒரு ரன்ஸா ரொட்டி வாங்கினேன். உள்ளே கோஸும் இறைச்சியும் ஆறிப்போயிருந்தன. பஸ் வந்தது. கோரா ஏறி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் கோட்டைக் கழற்றி வைத்தாள்.

நான் கழிப்பறைப் பக்கம் நடந்தேன்.