பிரேக்கில் புகுந்த காற்று

பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே வண்டியைக் கேட்டில் மோதவிட்ட ஆள் உலகத்திலேயே தான் ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்று பல் டாக்டருக்குத் தோன்றியது. அப்போது அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். சற்று முன்புவரை முகத்துக்கு மேலே வண்டியின் எண்ணெய் வழியும் வயிறு இருந்தது. இப்போது வானம் இருந்தது. வண்டி அவரை அங்கேயே விட்டுவிட்டு முன்னே போய், வாசல் கேட்டை முட்டிச் சாய்த்து, அதன்மேல் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றது. முட்டிய வேகத்தில் இன்ஜின் அணைந்துவிட்டது. ரேடியோ மட்டும் எனக்கென்ன என்று பாடிக்கொண்டிருந்தது.

உடம்பைத் தடவிப் பார்த்தார். கை இருந்தது, கால் இருந்தது. பல்தான் இல்லை. குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது லொடலொடவென்று ஆடுகிறதே என்று பல்செட்டைக் கழற்றி, ஸ்பானர்களோடு சேர்த்து ஒரு துணியில் வைத்திருந்தார். பின்சக்கரம் ஸ்பானர்களையெல்லாம் மரியாதையாக விட்டுவிட்டு, குறி பார்த்ததுபோலப் பல்செட்டின்மேல் ஏறிப் போயிருந்தது. ஆயுள் முழுக்க ஊரார் பல்லைப் பிடுங்கியவருக்கு வட்டியும் முதலுமாகத் திரும்பக் கிடைத்துவிட்டது.

டிரைவர் சீட்டிலிருந்து அவர் மனைவி தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயமோ பதற்றமோ இல்லை.

"டோக்கன் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

தப்பு அவள்மேல் இல்லை. பாட்டுக் கேட்டால் ஓர் இடத்தில் அமைதியாக உட்காருவாள் என்று சாவியைப் போட்டு ரேடியோவை வைத்தது அவர். வண்டி உருண்டுவிடக்கூடாதே என்று முதல் கியரில் விட்டுவைத்ததும் அவர். சாவி என்று ஒன்று கண்ணில் பட்டால் திருகிப் பார்க்கத்தான் கை போகும். நல்ல நினைவு உள்ளவர்களுக்கே அப்படி. அவளுக்கோ நினைவு போய்க்கொண்டிருந்தது. அது தெரிந்தேதான் அவளை அங்கே உட்காரவைத்தார். தெரிந்தும் தெரியாதவர்போல இருப்பதில் அந்தக் கொஞ்ச நாளில் அவர் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்.

அந்த வண்டிக்குத் தெருவில் யானை என்று பெயர். ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. வாங்கிய புதிதில் தெருவே வேடிக்கை பார்த்தது. இப்போதும் வேடிக்கைதான் பார்க்கிறது, காரணம்தான் வேறு. பட்டறைக்கு விட்டால் அவன் ஆயிரம் நோய் சொல்வான் என்று டாக்டர் எல்லா வைத்தியத்தையும் வீட்டு வாசலிலேயே செய்தார். பேட்டரி முனையில் பூத்த பச்சையைத் தேய்க்கப் பழைய பல் துலக்கும் பிரஷ். இன்ஜினுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க, ஒரு காலத்தில் கடைவாய்ப் பல்லைப் பார்த்த அதே குட்டிக் கண்ணாடி. சைடு மிரர் உடைந்தபோது பல்செட் செய்கிற பசையைக் குழைத்து ஒட்டினார். ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பசை ஈறு நிறம். யானை அன்றிலிருந்து வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பதுபோல ரோஸாகக் காட்சியளித்தது. துருப்பிடித்த போல்ட்டைத் திருகும் முன் அவர் பழக்கதோஷத்தில், "கொஞ்சம்தான் வலிக்கும்" என்பார்.

க்ளினிக்கிலும் அவர் அதைத்தான் சொல்வார். முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்த மனைவியோ வேறு ரகம்.

"வலிக்குமாம்மா?" என்று யாராவது கேட்டால், "வலிக்கும். சட்டுனு முடிஞ்சிடும்" என்பாள்.

"நீ இப்படிச் சொன்னா பாதிப் பேரு ஓடிடுவான்," என்று அவர் கோபித்துக்கொள்வார்.

"ஓடுறவன் ஓடட்டும். பொய் சொல்லி உக்காரவெச்சா உங்க கையைத்தான் கடிப்பான்."

வண்டி வேலையில் எத்தனையோ ஒற்றை ஆளாகச் செய்யலாம். பிரேக் வேலை மட்டும் அப்படி இல்லை. குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மூட்டைபோல அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்த வேண்டும். பிரேக் ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். ஒரு மயிரிழை முன்னால் எடுத்தாலும் வெளியே போன காற்று மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மிதி, விடு. மிதி, விடு. யானை வந்த காலத்திலிருந்து உள்ளே இருந்தது அவள் கால், அடியில் இருந்தது அவர் குரல். அடியில் படுத்திருப்பவருக்கு முகம் தெரியாது. அதனால் மற்ற நேரத்தில் பேசமுடியாத சில விஷயங்களை அந்த ஏற்பாட்டில்தான் பேசிக்கொண்டார்கள். மகள் ஒரு பையனை விரும்புகிறாள் என்ற செய்தியை அவள் சொன்னது இடது பின்சக்கரத்தில். அவர் சம்மதித்தது வலது முன்சக்கரத்தில்.

அவளுக்கு மறதி வந்தபோதும் டாக்டர் வண்டி வைத்தியத்தையே செய்து பார்த்தார். ஒரு கோளாறு என்றால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரியானது என்று தெரியாது. முதலில் அவள் கண்ணாடியை மாற்றினார். பிறகு தூக்க மாத்திரையை நிறுத்தினார். காது சோதித்தார், ரத்தம் சோதித்தார், படுக்கும் அறையை மாற்றினார். எதையும் மாற்றாமல் ஒரு வாரம் சும்மாவும் இருந்து பார்த்தார். கடைசியில் நரம்பு டாக்டரிடம் போனார்கள். அவர் மூளை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பொறுத்துப் பார்ப்போம்" என்றார். தன்னிடம் வந்தவர்களிடம் 'இந்தப் பல் நிற்காது, எடுத்துவிடலாம்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதருக்கு, தன் முறை வந்தபோது 'பொறுத்துப் பார்ப்போம்' கிடைத்தது.

கேட்டிலிருந்து யானையை இறக்கப் பட்டறைக்காரர் வந்தார். டாக்டரின் பொக்கை வாயைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு வண்டியை இறக்கப் பட்ட பாட்டைவிட அதிகம்.

"இன்னும் எத்தனை நாள் ஓடும்யா இது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஓடுற வரைக்கும் ஓடும் டாக்டர்."

"அது எனக்கே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" பட்டறைக்காரர் வீட்டு ஜன்னலில் நின்றிருந்த டாக்டரின் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்குங்க டாக்டர்."

மறுநாள் மகள் வந்தாள். வெளியூரில் வக்கீல். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே வாதத்தைத் தொடங்கிவிட்டாள்.

"வண்டிக்கு அடியில நீங்க. வண்டிக்குள்ள அம்மா. சாவி வண்டியில. கோர்ட்ல சொன்னா ஜட்ஜே சிரிப்பாருப்பா."

"கியர்லயும் இருந்துச்சு. அதை விட்டுட்டியே."

மகள் சிரிக்கவில்லை. தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நினைவு போனவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். இடம் கேட்டுவைத்திருக்கிறாளாம். பகலும் இரவும் ஆள் இருப்பார்களாம்.

"நானும் தெனம் போய்ப் பாப்பேன்பா."

"முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க நடுவுல கொண்டுபோய் விடச் சொல்றியா? மிரண்டுபோயிடுவா. இங்கன்னா தெரிஞ்ச முகம்னு நானாவது இருக்கேன்."

மகள் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

"என்ன? சொல்லேன்."

"ஒண்ணும் இல்லப்பா."

"அவளுக்கு என்னைத் தெரியுதா, இல்லையா? நீ என்ன நெனைக்கிற?"

"சில நேரம் தெரியற மாதிரித்தான் இருக்கு."

"இது பதிலா? வாய்தா வாங்குற." டாக்டர் வெறும் ஈறைத் தடவிக்கொண்டார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்கு மூஞ்சியே போச்சு. இந்தக் கோலத்துல கண்ணாடியில எனக்கே என்னை அடையாளம் தெரியல, அவளைக் குத்தம் சொல்லி என்ன? புது செட்டுக்கு அளவு குடுத்திருக்கேன். வரட்டும். வந்ததும் நேரா அவகிட்டயே கேக்கறேன். தெரியலன்னு அவ வாயால சொல்லிட்டா, நானே யானையில ஏத்திக் கொண்டாந்து விடுறேன்."

"பிரேக் இல்லாத வண்டியிலயா?"

"அதையும் பண்ணிடுறேன்."

அப்படி இரண்டு வேலைகளைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டையும் தள்ளிப்போட்டார். காற்றெடுக்க மகளை உட்காரவைத்துப் பார்த்தார். "மிதின்னா எவ்வளவு மிதிக்கணும்? இப்ப விடவா? விட்டுட்டேனே!" என்று அவள் மூச்சுக்கு மூச்சு ஆட்சேபணை எழுப்பியதில், உள்ளே இருந்த காற்றோடு இன்னும் கொஞ்சம் காற்றுச் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு நாளும் காலையில் குளித்துவிட்டு அவர் கூடத்துக்கு வருவார். நாற்காலியில் இருக்கும் அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

"உக்காருங்க. டாக்டர் இப்ப வந்துடுவாரு."

உட்காருவார். வேறென்ன செய்ய? ஒருநாள் குறும்பாகக் கேட்டார்: "டாக்டர் எப்படிம்மா? நல்லா பாப்பாரா?"

"கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதீங்க, ரொம்ப நல்ல மனுஷன். மொகத்துக்கு நேரா சொன்னா தலைக்கு ஏறிடும்னு நான் சொல்றதில்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்த பாராட்டு அது. அதைக் கேட்டுக்கொண்டு, அந்த நல்ல மனிதர் வரும் வழியைப் பார்ப்பவர்போல வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளிடம் அப்போதே கேட்டிருக்கலாம். பல் வரட்டும் என்றார்.

பல் வந்துவிட்டது. வாங்கிவந்த அன்று மத்தியானமே, சூடுபட்ட பூனைபோல எல்லாவற்றையும் சரிபார்த்தார். சாவி தன் சட்டைப்பையில். பேட்டரி ஒயர் கழற்றியாகிவிட்டது. கியர் நியூட்ரல். எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் செங்கல். மகள் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். இந்தமுறை புதுப் பல்லைக் கழற்றவில்லை. அடியில் போய்ப் படுத்தார்.

"மிதி."

மேலே பெடல் போகும் சத்தம் கேட்டது. நின்றது. அப்படியே நின்றது. திருகைத் தளர்த்தினார். குமிழ்கள் வந்தன. மூடினார்.

"விடு."

விட்டாள்.

மிதி, விடு. ஒரு மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை. இடது பின்சக்கரம் முடிந்து வலது பக்கம் போனார். முன்னால் வந்தார். குமிழ்கள் குறைந்துகொண்டே வந்தன. எண்ணெய் விரல் வழியாக முழங்கைக்கு ஓடியதை அவர் துடைக்கவில்லை. கால் மறக்கவில்லையே என்று நினைத்தார். இந்தக் குரலுக்கு இத்தனை சரியாகக் கட்டுப்படுகிற காலுக்கு, இது யார் குரல் என்று தெரியாமல் போகுமா? மகளை இப்போதே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. பார்த்தியா வக்கீலம்மா, சாட்சி பெடலில் இருக்கிறது.

கடைசிச் சக்கரத்தில் ஒரு குமிழ்கூட வரவில்லை. சுத்தமான எண்ணெய் ஒரே கம்பியாக வந்தது. திருகை இறுக்கிவிட்டு எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கையைச் சட்டையிலேயே துடைத்து, கலைந்த முடியைப் படியவைத்து, டிரைவர் பக்க ஜன்னல் அருகே போய் நின்றார். பெண் பார்க்கப் போன அன்றுகூட இவ்வளவு படபடப்பு இல்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா என்றுகூட இருந்தது.

எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

அவள் பல்லைத்தான் முதலில் பார்த்தாள், க்ளினிக்கில் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து. "புதுசா? நல்லா செஞ்சிருக்காங்க. மேல் வரிசைதான் கொஞ்சம் பெருசு."

உண்மை. காலையிலிருந்து அவருக்கே உதட்டில் இடித்துக்கொண்டிருந்தது. மகள் டீ டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இங்க பாரும்மா," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லு."

அவள் இப்போது பல்லை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். நெற்றியை, கண்ணை, கன்னத்தில் அப்பியிருந்த கரியை, ஒன்றும் அவசரமில்லாமல், தேடிக் கிடைக்குமா என்று நியாயமாகத் தேடிப் பார்த்தாள். கால் மட்டும் பெடலிலேயே இருந்தது.

"இல்லீங்க," என்றாள். "உங்களை எனக்குத் தெரியல. மிதின்னீங்க, மிதிச்சேன். யாரு சொன்னாலும் மிதிப்பேன்."