சம்பந்திமார் ஏறிய மலை

எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டாரிடம் ‘வேண்டாம்’ என்று யாரும் சொல்வதில்லை. வேண்டாம் என்றால் “பாக்கலாமுங்க” என்போம். கண்டிப்பாக வேண்டாம் என்றால் “ஆகட்டுங்க, பாக்கலாமுங்க” என்போம். இந்தப் பண்பாட்டைப் பற்றி என் வீட்டுக்காரர் சென்னியப்பன் யார் கிடைத்தாலும் பெருமை பேசுவார். பேசட்டும். அதனால் கருமுடி மலையில் நான் பட்ட பாட்டை நான் சொல்கிறேன்.

எங்கள் மகள் சண்முகப்பிரியாவைத் தாராபுரத்திலிருந்து வெள்ளகோவிலுக்குக் கட்டிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை மதன்குமார் தங்கமான பிள்ளை. அப்பா முன்னால் மட்டும் வாய் திறக்காது. அந்த அப்பாதான் சம்பந்தி வெள்ளியங்கிரி அண்ணன், எண்ணெய் மில் வைத்திருக்கிறார். சம்பந்தியம்மா காலமாகி நான்கு வருடம் ஆகிறது.

பிரியா வரலாறு படித்தவள். வேலைக்கான பரீட்சை எழுதி, அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலையும் வாங்கிவிட்டாள். வேலை விழுந்த இடம்தான் பொள்ளாச்சிக்கு மேலே, மலையில் இருக்கிற கருமுடி. திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அங்கேயே தங்கிக்கொண்டு சனி, ஞாயிறு வெள்ளகோவில் வருவதாக அவளும் மாப்பிள்ளையும் பேசி வைத்திருந்தார்கள். மாமனாரிடம் மட்டும் யாரும் பேசவில்லை. கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் போனில் இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு முறையும் “பாக்கலாமுங்க தங்கச்சி” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

“ஊரப் பாத்தா மாமா மனசு மாறீரும்மா. பழைய காலத்துக் கல்லெல்லாம் இருக்குது. எல்லாரும் ஒருநா சுத்திப் பாக்கப் போலாம்” என்றாள் பிரியா. அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் விடியும் முன்பே ஒரே காரில் கிளம்பினோம்.

கொண்டை ஊசி வளைவுகளிலேயே கூத்து ஆரம்பமாகிவிட்டது. சம்பந்திக்குக் குளிரட்டும் என்று என் வீட்டுக்காரர் ஏசியைக் கூட்டி வைத்தார். தனக்குக் குளிர்கிறது என்று சொல்லாமல் சம்பந்தி துண்டைப் போர்த்திக்கொண்டார். அவர் போர்த்தியதைப் பார்த்து இவரும் போர்த்திக்கொண்டார். ஏசியை யாரும் குறைக்கவில்லை. அருவிக்குப் போனோம். “நீங்க குளிக்கறதுன்னா நானும் வாரனுங்க” என்றார் ஒருவர். “உங்களுக்கு ஆசைன்னா சரீங்க” என்றார் மற்றவர். ஆசையே இல்லாத இரண்டு பேரும் ஐப்பசிக் குளிரில் அருவிக்கடியில் நின்று பல் கிட்டித்துப் போனதுதான் மிச்சம்.

பதினோரு மணிக்குக் கருமுடி ஊருக்குள், உச்சிக்கு ஏறும் பாதை தொடங்குகிற டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். அங்கே இனியா என்ற பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். மலைப் பாதைக்கு வழிகாட்டுவது அவள் தொழில். ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் உப்பைக் கையில் கொடுத்தாள்.

“மழ பேஞ்ச காடுங்க, அட்டை ஏறும். ஏறுனா கையில புடுங்காதீங்க. உப்ப வெச்சா அதுவே உழுந்துரும்” என்றாள். பிறகு இரண்டு பெரியவர்களையும் மேலும் கீழும் பார்த்தாள். “மேல கல்லு இருக்கற எடத்துக்கு ஒண்ணர மணி நேரம் ஏறோணுங்க. முடியாதவங்க இங்கயே உக்காந்துக்கலாம். ஒண்ணும் தப்பில்லீங்க.”

மூட்டுக்குத் தைலம் தேய்க்காமல் கட்டிலை விட்டு இறங்காத என் வீட்டுக்காரர் சம்பந்தியைப் பார்த்தார். மாடிப்படி ஏறவே நடுவில் ஒரு தரம் உட்காருகிற சம்பந்தி இவரைப் பார்த்தார்.

“நீங்க ஏறறீங்கன்னா நானும் ஏறறனுங்க.”

“நீங்க வாரப்ப நான் உக்காந்திருந்தா நல்லாருக்குமுங்களா?”

அவ்வளவுதான், ஏறினார்கள். ஒற்றையடிப் பாதை. யார் முன்னால் போவது என்பதில் கால்மணி நேரம் போனது. “பொண்ணக் குடுத்தவிங்க, நீங்க முன்னால போங்க.” “அதெப்படிங்க, நீங்க போங்க.” கடைசியில் இனியாவே முன்னால் நடந்தாள். அவள் பின்னால் பிரியாவும் மாப்பிள்ளையும் போய்விட்டார்கள். நான் இந்த இரண்டு மரியாதைக்காரர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன்.

பாதி வழியில் என் வீட்டுக்காரர் பின்தங்கி என் காதோரம் வந்தார்.

“ஏம்புள்ள, சம்பந்தி கெண்டக்கால்ல அட்டை ஏறியிருக்குது.”

“சொல்லுங்க அவருகிட்ட.”

“எப்படிச் சொல்றது? வேட்டியத் தூக்கிப் பாருங்கன்னு சம்பந்திகிட்டச் சொல்ல முடியுமா?”

“அப்ப நான் சொல்றேன்.”

“பொம்பள நீ சொன்னா இன்னும் கேவலம். சும்மா வா. குடிச்சுப்போட்டுத் தானா உழுந்துரும்.”

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வது! அவர் சட்டைப் பையில்தான் உப்புப் பொட்டலம் இருந்தது. இவர்கள் அட்டையைச் சொல்லவே இவ்வளவு கூச்சப்பட்டால் என் மகளின் வேலையைப் பற்றி நான் எந்த ஜென்மத்தில் வாய் திறப்பது? அடுத்த நாள் திங்கட்கிழமை என்ற நினைப்பு வேறு என்னைப் பிடுங்கித் தின்றது.

உச்சிக்குப் போகும்போது மணி இரண்டு. பெரிய பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி போட்டு, சின்னச் சின்ன அறைகளாக ஏழெட்டு நின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சமாதிகள் என்று பிரியா சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்தால் எப்படிப் பாடம் நடத்துவேன் என்று மூச்சுவிடாமல் பேசினாள்.

“செத்தவிங்கள இத்தன ஒசரத்துக்கா தூக்கீட்டு வந்தாங்க?” என்றார் சம்பந்தி, மூச்சு வாங்கிக்கொண்டே.

“செத்தவருக்கும் வேண்டாம்னு சொல்லக் கூச்சமா இருந்திருக்குமுங்க” என்றேன் நான்.

இனியா மட்டும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தி, “ஐயோ, ரத்தமுங்க!” என்றாள். சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவப்பாக நனைந்திருந்தது. என் வீட்டுக்காரரின் சட்டைக் காலரும் பின்பக்கம் அதே நிறத்தில் இருந்தது. நான் அதை அதுவரை கவனிக்கவே இல்லை. பாதி நேரம் கீழே பார்த்துத்தானே நடந்தேன்.

“உங்க காலுல ஏறுனத அப்பவே பாத்தனுங்க. சொல்றதுக்குத்தான் சங்கடமா...” என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

“உங்க பொடனில இருந்தத நானும் பாத்தனுங்க. சட்டைய அவுக்கச் சொன்னா நல்லாருக்காதுன்னுதான்...” என்று இழுத்தார் சம்பந்தி.

இனியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏனுங்க, ரெண்டு பேரு கையிலயும் உப்பு இருந்துச்சே!” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அண்ணா, நாளைக்கு உங்க மருமக இந்த ஊருப் பள்ளிக்கூடத்துல போய்ச் சேரோணும். அனுப்பறீங்களா இல்லீங்களா? பாக்கலாமுங்கன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

மாப்பிள்ளை பக்கத்துக் கல்லை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். சம்பந்தி ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

“வேண்டாமுங்க தங்கச்சி” என்றார்.

இரண்டு வருடத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் விழுந்த முதல் வேண்டாம் அது. யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரே பேசினார்.

“சோறாக்க ஆளிருக்குதுங்க. அதுக்கில்ல. என்ற ஊட்டுக்காரி போனப்பறம் ரெண்டு வருசம் நானும் இவனும் மூஞ்சியப் பாத்துட்டே தின்னு எந்திரிச்சோம். இந்தப் புள்ள வந்துதான் ஊட்டுல பேச்சுச் சத்தம் கேட்டுது. கல்லு, கோயலு, ராசான்னு ஏதாச்சும் சொல்லீட்டே இருக்கும். எனக்கு ஒண்ணும் வெளங்காது. கேட்டுட்டிருப்பேன். அதான் வேண்டாமுங்கறேன்.”

பிரியா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காலில் ஒழுகிய ரத்தத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

“மாமா, வேலைக்குப் போகாம இருந்தா நான் உங்ககிட்டப் பேசமாட்டேன். கோவத்துல இல்லீங்க மாமா. பேசறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இருக்காது. இதயும் சொல்லாமயே இருந்தர்லாம்னுதான் இருந்தேன்” என்றாள்.

சம்பந்தி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். யார் முன்னால் போவது என்றுகூடக் கேட்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே நான் இறங்கினேன். என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

டீக்கடையில் சூடாகப் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி என் வீட்டுக்காரர் தட்டை நீட்டினார்.

“சம்பந்தி, ரெண்டு போண்டா?”

“வேண்டாமுங்க.”

மற்ற நாளாக இருந்தால் வேண்டாம் என்கிறவர் இலையில் நான்கு விழுந்திருக்கும். மலையில் பட்ட அடியில் என் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் போலிருக்கிறது. சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். சம்பந்தியின் கண் தட்டோடு கூடவே போனது.

“ஏனுங்க, எடுத்துட்டே போறீங்க? அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுங்க.”

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து தட்டை வைத்தார். சம்பந்தி ஒரு போண்டாவை எடுத்துப் பிட்டார். பிட்டதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மேல சொன்ன வேண்டாம் மரியாதைக்குச் சொன்னதில்லீங்க தங்கச்சி. அது நெசம். இப்பவும் வேண்டாமுன்னுதான் இருக்குது.” பிறகு பிரியாவின் பக்கம் திரும்பினார். “நீ போ கண்ணு. நாளைக்குக் காலைல நானே கொண்டாந்து உடறேன். வெள்ளிக்கெழம சாயந்தரம் பஸ் ஏறி வந்து, அஞ்சு நாளுப் பேச்சையும் ஒண்ணாப் பேசிரோணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தட்டில் இன்னும் மூன்று போண்டாவை வைத்தேன். “போதுமுங்க தங்கச்சி, போதுமுங்க” என்றார் சம்பந்தி. நான் கேட்கவில்லை.