முப்பத்திரண்டு ஆவாரங்கன்று

முகத்திலா, நெஞ்சிலா... நெஞ்சென்றால் சட்டை தடுக்கும், கழுத்துதான் சரி, சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலில் மயிர் கழல்வதுபோலத் தோல் உரிந்துகொண்டு வரும்... அம்சவேணி குண்டானைத் துணியால் பிடித்தபடி நின்றாள். மிச்ச விதைக்காகக் காய்ச்சிய தண்ணீர். ஆவாரை விதைக்கு ஓடு கெட்டி, இறக்கிய வெந்நீரில் போட்டு ஆறவிட்டால்தான் முளை விடும். போன வருஷம் அது தெரியாமல் அடுப்பிலேயே வேகவைத்துவிட்டு, ஐப்பசி முழுக்க வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டாள். அதற்குப் புருஷன் சிரித்தான், அறைந்தான், எது முதலில்? இந்த வருஷம் முப்பத்திரண்டு கன்று. தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் ஊறி உப்புப் பூத்த கொல்லை, கீரைகூட வராத மண், அதில் விரல் உயரத்துக்கு முப்பத்திரண்டு.

“இன்னாடி யோசனை? கன்னு மேல ஊத்து.” கொல்லைப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான் அவள் புருஷன் லோகநாதன். “நாளைக்குத் தோலு வந்து எறங்குது. எங்க காயப் போடறது, உன் தலைமேலயா?”

“வேற எடத்துல பேத்து வெச்சிக்கறேங்க.”

“தோலு பதம் பண்ற பட்டைக்கே பவுடர் வந்துடுச்சு, இன்னும் உங்கப்பன் மாதிரி ஆவாரம் ஆவாரம்னுட்டு. பேஜார் பண்ணாத. உன் கையாலயே ஊத்து.”

அவள் கையால். அதுதானே வேண்டும் அவனுக்கு. எதையும் தானாக உடைக்கமாட்டான், அம்மா கொடுத்த கண்ணாடியை அவளே தரையில் அடிக்க வேண்டும், பின்னலை அவளே அரிவாள்மணையில் அறுக்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சாவித்திரி கேட்டபோது, பேன் ஜாஸ்திக்கா, என்று சொன்னதும் அவள் வாய்தான். அவன் கை படுவது அவள்மேல் மட்டும். அப்பா ஏலகிரி அடிவாரத்தில் ஆவாரங்கிளையைக் கல்லில் வைத்து அடிப்பார், பட்டை கழன்று வரும், மறு மழைக்கு வெட்டின தூரிலேயே துளிர்க்கும், பார்த்தியா எவ்வளவு கெட்டி என்பார்... துளிர்த்ததால்தானே அப்பா திரும்பவும் வெட்டினார்?

அவன் கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊற்றினால்? அதுவும் அவன் பழக்கிய கைதானே ஊற்றும்...

குண்டானைப் பாத்தி ஓரத்தில் இறக்கினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த விதையெல்லாம் தண்ணீரில் போட்டாள். தட்டால் மூடினாள்.

“இன்னா பண்றே?”

“வெதை ஊறுது. ஊத்தமாட்டேங்க.”

பீடி மண்ணில் விழுந்தது. அவன் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. தட்டு சுட்டது, அவள் கையை எடுக்கவில்லை.